கிட்டார் கார்ட்: சார்ட் மனப்பாடமா, பார் பிடியா, ஃப்ரெட் எண்ணிக் கட்டுவதா?

கிட்டார் பழகிக் கொஞ்ச நாள் ஆனவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான். "சி, ஜி, டி, ஏ மைனர் எல்லாம் வருது. அடுத்து என்ன? இன்னும் அம்பது கார்ட் மனப்பாடம் பண்ணவா, பார் கார்ட் பழகவா, இல்ல கார்ட் எப்படி உண்டாகுதுன்னு படிக்கவா?" (கார்ட் என்பது சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது, சார்ட் என்பது அதற்கு விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் படம், ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு.) நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் கேட்கும்போது அதற்குப் பின்னால் ஒரு அவசரமும் இருக்கும். ஞாயிறு ஆராதனையில் வாசிக்க வேண்டும், டிசம்பரில் கேரல் ரவுண்ட் போக வேண்டும், கல்யாண ரிசப்ஷனுக்கு யாராவது கூப்பிட்டால் தைரியமாகப் போய் நிற்க வேண்டும். அறைக்குள் தனியாக வாசிப்பவருக்குச் சொல்லும் பதில் இவர்களுக்குப் பொருந்தாது. இங்கே பக்கத்தில் ஒருவர் பாடுகிறார், கூடவே ஒரு கீபோர்ட் இருக்கிறது. அதை மனதில் வைத்துத்தான் மூன்று வழிகளையும் பார்க்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் சுருதி. பயிற்சியில் மூன்று கட்டையில் பாடிய பாட்டு, ஞாயிறு காலையில் தொண்டை கட்டியிருந்தால் இரண்டரைக்கு இறங்கிவிடும். "அண்ணா, மேல எட்டல, அரைக் கட்டை இறக்குங்க" என்று பாடுகிற பெண் சொன்னதும் கீபோர்ட்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டுத் தயாராகிவிடுவார். கிட்டாரில் அந்தப் பட்டன் இல்லை. ஈ, ஏ, பி செவன்த் என்று பிடித்துக்கொண்டிருந்த கை இப்போது டி ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் செவன்த் பிடிக்க வேண்டும். நடுவில் கிடைப்பது அரை நிமிடம்தான்.

(கட்டைக் கணக்கு தெரியாதவர்களுக்கு: 1 சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் நடுவில் வரும் ஷார்ப்கள். 3-க்கும் 4-க்கும் நடுவிலும், 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் அரை கிடையாது.)

இரண்டாவது அளவுகோல் ராகம். நம் பக்கத்துச் சபைகளில் ஒரே ஆராதனைக்குள் பாமாலைப் பாட்டும் (மொழிபெயர்த்த ஞானப்பாட்டு) வரும், கீர்த்தனையும் வரும். பாமாலைப் பாட்டுகளின் மெட்டு மேற்கத்தியது. நான்கு குரலுக்கு எழுதப்பட்டது. பல பாட்டுகளில் தட்டுக்குத் தட்டு கார்ட் மாறும். கீர்த்தனை அப்படி அல்ல. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து அது ராகத்தில் ஊறி வந்தது. சார்டில் இருக்கும் கார்டை அதன் மேல் அப்படியே வைத்தால் சில இடங்களில் பாட்டைக் கெடுக்கும்.

மூன்றாவது, கூட்டத்தில் கிட்டார் எப்படிக் கேட்கிறது. நான்காவது, கையும் கருவியும் தாங்குமா. ஐந்தாவது, எவ்வளவு நாள் பிடிக்கும். கடைசியாகச் சொன்ன இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

## வழி ஒன்று: ஓபன் கார்ட் மனப்பாடமும் கேப்போவும்

சி, ஏ, ஜி, ஈ, டி என்று ஐந்து மேஜர். ஏ, ஈ, டி என்று மூன்று மைனர். இரண்டு மூன்று செவன்த். இவ்வளவு போதும், நூற்றுக்கணக்கான பாட்டுகளை வாசிக்கலாம். சில வாரங்களில் கை பழகிவிடும். திறந்த கம்பிகள் (விரல் வைக்காதவை) அதிர்வதால் ஒலியும் நிறைவாக இருக்கும். கேரல் ரவுண்டில் வீடு வீடாகப் போய் முற்றத்தில் நின்று வாசிக்கும்போது, மைக் இல்லாத அந்த இடத்தில், இதைவிடச் சத்தமாகவும் இனிமையாகவும் கேட்கும் பிடி வேறு கிடையாது.

சுருதி மாற்றத்துக்குக் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்தும் கிளிப்) இருக்கிறது. ஆனால் கேப்போ ஏற்றத்தான் செய்யும், இறக்காது. மேலே சொன்ன பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈ ஷேப்பில் (ஈ-க்கு உரிய விரல் அமைப்பில்) மூன்று கட்டைக்கு வாசித்தவர் இரண்டரைக்கு இறங்க, டி ஷேப்புக்கு மாறி முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட வேண்டும். அதாவது ஈ, ஏ, பி செவன்த் எல்லாம் டி, ஜி, ஏ செவன்த் ஆகும். மூன்று கார்ட் பாட்டென்றால் சமாளிக்கலாம். ஏழெட்டு கார்ட் வரும் பாட்டில், எது எதுவாக மாறும் என்று தெரியாதவர் அங்கேயே நின்றுவிடுவார்.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு "நான் ஜி வாசிக்கிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். ஒலிப்பதோ பி ஃபிளாட் (ஏ ஷார்ப்பின் இன்னொரு பெயர்). கீபோர்ட்காரரும் டிரான்ஸ்போஸ் போட்டு "நான் சி-ல இருக்கேன்" என்பார். இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிக்கு எதை நம்புவது என்று தெரியாது. ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மேல் கேப்போ போனால் ஒலியும் மெலிந்துவிடும்.

## வழி இரண்டு: பார் பிடி

ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து, அதற்கு முன்னால் ஈ ஷேப்பையோ ஏ ஷேப்பையோ வைப்பது. ஈ ஷேப்பில் கார்டின் பெயர் ஆறாம் கம்பியில் (மிகத் தடித்தது) இருக்கும், ஏ ஷேப்பில் ஐந்தாம் கம்பியில். கட்டைக் கணக்கோடு இது அழகாகப் பொருந்துகிறது. ஆறாம் கம்பியில் 1-ஆம் ஃப்ரெட் நான்கு கட்டை, 2 நாலரை, 3 ஐந்து, 5 ஆறு, 7 ஏழு. ஐந்தாம் கம்பியில் 3-ஆம் ஃப்ரெட் ஒரு கட்டை, 5 இரண்டு, 7 மூன்று. அரைக் கட்டை இறக்கு என்றால் எல்லாப் பிடியையும் ஒரு ஃப்ரெட் பின்னால் தள்ள வேண்டியதுதான். சுருதி விஷயத்தில் மூன்று வழிகளில் மிக வேகமானது இதுதான். லைட் மியூசிக் மேடையில் இது இல்லாமல் ஆகாது.

ஆனால் நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. காற்றில் ஈரம் குறைவதே அபூர்வம். ஈரம் ஏறினால் அக்கூஸ்டிக் கிட்டாரின் மேல்பலகை உப்பி எழும். கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள உயரம் கூடும். குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் கம்பி சீக்கிரமே துருப்பிடித்துச் சொரசொரக்கும். அப்படிப்பட்ட கிட்டாரில் முதல் ஃப்ரெட் எஃப் பார் பிடிக்க முடியாமல், "எனக்கு வராது" என்று கிட்டாரை மூலையில் வைத்துவிடுகிற பிள்ளைகள் நிறைய. பல நேரம் குற்றம் கையில் இல்லை. உயரத்தைச் சரிசெய்து, கம்பியை மாற்றிக் கொடுத்தால் அதே பிள்ளை அதே வாரத்தில் பிடித்துவிடும். பார் பழகத் தொடங்கும் முன் கிட்டாரை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டி செட்டப் செய்துவிடுங்கள். அந்தச் செலவையும் இந்த வழியின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கூட்டத்தில் ஒலி என்று பார்த்தால், ஈ ஷேப் பாரில் ஆறு கம்பி ஒலித்தாலும் உள்ளே இருப்பது மூன்று ஸ்வரம்தான்: ஸட்ஜமம் (ச) மூன்று தடவை, பஞ்சமம் (ப) இரண்டு தடவை, காந்தாரம் (க) ஒரே ஒரு தடவை. கீபோர்டின் இடது கையும் பேஸ் கிட்டாரும் ஏற்கெனவே வாசிக்கும் ஸட்ஜமத்தை நீங்களும் கீழேயிருந்து அடித்தால் எல்லாம் சேர்ந்து மந்தமாகிவிடும். இரண்டு மணி நேரக் கன்வென்ஷன் கூட்டத்தில் கை ஓய்ந்துபோவது தனி.

## வழி மூன்று: ஃப்ரெட் எண்ணிக் கட்டுவது

கார்ட் என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து குறிப்பிட்ட இடைவெளிகளில் மேலே இருக்கும் ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. கிட்டாரில் அந்த இடைவெளியை ஃப்ரெட் கணக்கில் எண்ணிவிடலாம். ஒரு கம்பியில் 12 ஃப்ரெட் நகர்ந்தால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். கர்நாடக இசையின் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களும் அந்த 12-க்குள் வருகின்றன. பாட்டு வகுப்புக்குப் போனவருக்கு இது ஏற்கெனவே தெரிந்த விஷயம். (க2, க3 என்பதில் எண், அதே ஸ்வரத்தின் தாழ்ந்த, உயர்ந்த வகையைக் காட்டுகிறது.)

| கார்ட் | தொடக்க ஸ்வரத்திலிருந்து ஃப்ரெட் | ஸ்வரமாக |
|---|---|---|
| மேஜர் | 0, 4, 7 | ச, க3, ப |
| மைனர் | 0, 3, 7 | ச, க2, ப |
| சஸ் டூ | 0, 2, 7 | ச, ரி2, ப |
| சஸ் ஃபோர் | 0, 5, 7 | ச, ம1, ப |
| டிமினிஷ்ட் | 0, 3, 6 | ச, க2, ம2 |
| ஆக்மென்டட் | 0, 4, 8 | ச, க3, த1 |
| செவன்த் | 0, 4, 7, 10 | ச, க3, ப, நி2 |
| மைனர் செவன்த் | 0, 3, 7, 10 | ச, க2, ப, நி2 |
| மேஜர் செவன்த் | 0, 4, 7, 11 | ச, க3, ப, நி3 |

இனி, கம்பிகளுக்கு நடுவில் உள்ள தூரம். ஒரு கம்பியிலிருந்து அடுத்த மெல்லிய கம்பிக்கு அதே ஃப்ரெட்டில் போனால் 5 ஃப்ரெட் ஏறியதாகக் கணக்கு. மூன்றாம் கம்பியிலிருந்து இரண்டாம் கம்பிக்கு மட்டும் 4. இந்த ஒரு விதிவிலக்கை மறந்தால் கணக்கு முழுவதும் தப்பும். எனவே அடுத்த கம்பியில் 4 வேண்டுமென்றால் ஒரு ஃப்ரெட் பின்னால், 3 வேண்டுமென்றால் இரண்டு பின்னால், 7 வேண்டுமென்றால் இரண்டு முன்னால். மூன்றிலிருந்து இரண்டாம் கம்பிக்குப் போகும்போது 4 அதே ஃப்ரெட், 3 ஒன்று பின்னால், 7 மூன்று முன்னால்.

இதைத் தெரிந்துகொண்டு பழைய ஓபன் கார்ட்களைப் பிரித்துப் பாருங்கள். (ஆறாம் கம்பியிலிருந்து முதல் கம்பி வரை எழுதுகிறேன், × என்றால் அடிக்காத கம்பி.) ஈ மேஜர் 0 2 2 1 0 0. இதில் காந்தாரம் மூன்றாம் கம்பியின் 1-ஆம் ஃப்ரெட்டில் மட்டும் இருக்கிறது. அந்த விரலை எடுத்தால் 0 2 2 0 0 0, ஈ மைனர். ஏ மேஜர் × 0 2 2 2 0. இரண்டாம் கம்பியில் உள்ள விரலை ஒரு ஃப்ரெட் இறக்கினால் ஏ மைனர். டி-யில் முதல் கம்பி. மூன்றிலும் செய்தது ஒரே வேலை: 4-ஐ 3 ஆக்கியது.

அப்படியானால் சி மைனரும் ஜி மைனரும் ஓபன் சார்டில் ஏன் இல்லை? சி மேஜர் × 3 2 0 1 0. காந்தாரம் இரண்டு இடத்தில் இருக்கிறது: நான்காம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட், முதல் திறந்த கம்பி. திறந்த கம்பியை ஒரு ஃப்ரெட் இறக்க முடியாது. ஜி மேஜர் 3 2 0 0 0 3-இல் இரண்டாம் திறந்த கம்பியும் காந்தாரம், அங்கேயும் அதே முட்டு. இடம் தெரிந்தவுடன் வழியும் தெரிந்துவிடும்: × 3 1 0 1 ×. முதல் கம்பியை அடிக்காமல் விட்டால் சி மைனர் தயார். சார்ட் மனப்பாடம் செய்பவர் பல மாதம் தேடியும் கிடைக்காத பிடியை, ஃப்ரெட் எண்ணத் தெரிந்தவர் நின்ற இடத்தில் உண்டாக்குவார்.

செவன்த் இன்னும் எளிது. மேல் ஸட்ஜமம் ஒன்றை இரண்டு ஃப்ரெட் இறக்கினால் செவன்த், ஒரு ஃப்ரெட் இறக்கினால் மேஜர் செவன்த். ஏ மேஜரின் மூன்றாம் கம்பியில் இருப்பது மேல் ஸட்ஜமம். அதை முழுக்கத் திறந்தால் × 0 2 0 2 0, ஏ செவன்த். 1-ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் × 0 2 1 2 0, ஏ மேஜர் செவன்த்.

எஃப் பயமும் இங்கே தீர்கிறது. எஃப் என்பது எஃப், ஏ, சி என்ற மூன்று ஸ்வரம். × × 3 2 1 × என்று மூன்று விரலில் பிடித்தால் அது முழுமையான எஃப் மேஜர்தான், குறைப்பிடி அல்ல. கீபோர்டும் பேஸும் இருக்கும் குழுவில் பாரைவிட இதுவே தெளிவாகக் கேட்கும். முதல் மூன்று கம்பிகளில் மட்டும் நாலரைக் கட்டை மேஜரை (எஃப் ஷார்ப்) மூன்று இடத்தில் பிடிக்கலாம்: 3 2 2, 6 7 6, 11 11 9. பாமாலைப் பாட்டில் தட்டுக்குத் தட்டு கார்ட் மாறும்போது, பக்கத்தில் இருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டால் கை ஓடத் தேவையில்லை.

இப்போது கீர்த்தனை. சரளி வரிசை பாடிய எல்லோருக்கும் தெரிந்த மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்வோம்: ச ரி1 க3 ம1 ப த1 நி3. ஒரு கட்டையில் பாட்டு. ஸட்ஜமத்தில் சி மேஜர் பொருந்தும். பஞ்சமத்துக்கு வரும்போது பழக்கத்தில் கை ஜி மேஜருக்குப் போகும். ஜி மேஜரில் இருப்பது ஜி, பி, டி. அந்த டி ரி2. ராகத்தில் இருப்பதோ ரி1. பாடுகிறவர் ரி1-இல் நின்று இழைக்கும்போது நீங்கள் ஒரு ஃப்ரெட் மேலே ரி2-ஐ அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். "கிட்டார் சேரல" என்று எல்லோரும் உணர்வார்கள். எது சேரவில்லை என்று சார்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் சார்டின்படி நீங்கள் பிடித்தது சரியான ஜி மேஜர். இடைவெளி தெரிந்தவர் அந்த டி-யை மட்டும் கழற்றிவிடுவார்: 3 × 3 4 × ×, அதாவது ஜி, எஃப், பி. ப, ம1, நி3. மூன்றும் ராகத்துக்குள் இருக்கின்றன. மத்தியமத்தில் எஃப் மைனர் (ம1, த1, ச) இதமாக உட்காரும்.

இன்னொரு இடம்: நடபைரவியும் கரஹரப்பிரியாவும். இரண்டிலும் ஸட்ஜமத்தில் மைனர்தான். ஆனால் மத்தியமத்தில் நடபைரவிக்கு மைனர், கரஹரப்பிரியாவுக்கு மேஜர். ஆறு கட்டையில் பாடினால் டி மைனரா டி மேஜரா என்பதுதான் வித்தியாசம், ஒரே ஒரு ஃப்ரெட். தைவதத்தை (த) காதால் கேட்டுவிட்டு 3 அல்லது 4 என்று முடிவு செய்தால் தீர்ந்தது. கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) நிறைய வரும் காந்தாரத்தின் மேல் 3-ஐயும் வைக்காமல் 4-ஐயும் வைக்காமல், 0, 7 இரண்டை மட்டும் ஒலித்துவிட்டு ஒதுங்கி நிற்பதே பாட்டுக்கு மரியாதை. கார்ட் பிடித்த கையால் அந்த அசைவைப் பின்தொடர முடியாது.

இந்த வழியின் செலவையும் மறைக்கக் கூடாது. முதல் சில வாரங்கள் வெளியில் காட்ட ஒன்றுமே இருக்காது. வீட்டில் கேட்பவர்களுக்கு நீங்கள் பாட்டு வாசிக்காமல் கம்பியைத் தடவிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். குறைந்தபட்சம் ஆறாம், ஐந்தாம், நான்காம் கம்பிகளில் எந்த ஃப்ரெட் எந்த ஸ்வரம் என்று மனதில் நிற்க வேண்டும். மூன்று கம்பி மட்டும் ஒலிக்க, மற்றதை இரு கையாலும் அடக்கப் பழக வேண்டும். நன்றாக ஸ்ட்ரம் செய்து பழகியவர்களுக்கே இது கடினம். மேடையில் நின்று எண்ணத் தொடங்கினால் தாளம் தவறிவிடும். எண்ணுவதெல்லாம் வீட்டோடு முடிந்து, மேடைக்குப் போகும்போது அது கையின் பழக்கமாக ஆகியிருக்க வேண்டும். தனியாக ஒருவர் பாட்டுக்கு வாசிக்கும்போது மூன்று கம்பிப் பிடிகள் வெறுமையாகவும் கேட்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | ஓபன் + கேப்போ | பார் பிடி | எண்ணிக் கட்டுவது |
|---|---|---|---|
| பாட்டு வாசிக்கத் தொடங்க | சில வாரம் | சில மாதம் | சில மாதம், ஓபன் தெரிந்திருந்தால் குறையும் |
| சுருதி ஏற்ற | எளிது | மிக எளிது | எளிது |
| சுருதி இறக்க | ஷேப் மாற்ற வேண்டும் | மிக எளிது | எளிது |
| ராகப் பாட்டு | பல இடத்தில் இடறும் | அதே இடறல் | நன்றாகப் பொருந்தும் |
| தனியாக வாசிக்க | மிக நன்று | நன்று | வெறுமையாகக் கேட்கலாம் |
| கீபோர்ட், பேஸ் உள்ள குழுவில் | நன்று | மந்தமாகலாம் | மிக நன்று |
| கைவலி | குறைவு | அதிகம் | குறைவு |
| மறைந்த செலவு | பெயர்க் குழப்பம் | கிட்டார் செட்டப், அடிக்கடி கம்பி | பொறுமை, கம்பி அடக்கும் பழக்கம் |

## யாருக்கு எது

இது அக்டோபர் கடைசி, கேரல் ரவுண்டுக்கு வாசிக்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வழி. நல்ல கேப்போ ஒன்று வாங்குங்கள். உங்கள் குழுவின் பாட்டுகளுக்கு எந்த ஷேப், எந்த ஃப்ரெட் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லைட் மியூசிக் மேடைக்குப் போக நினைப்பவர், கிட்டாரும் எலெக்ட்ரிக், கம்பி தாழ்வாக இருக்கிறது என்றால் பார் பிடியைத் தள்ளிப்போட வேண்டாம். சினிமாப் பாட்டில் கார்ட் எந்தக் கட்டையிலும் வரும்.

ஆராதனையிலோ வாலிபர் கூட்டத்திலோ வாராவாரம் வாசிப்பவர்களுக்கு என் பதில் வழக்கமான வரிசையிலிருந்து கொஞ்சம் மாறுபடும். பொதுவாக ஓபன், அப்புறம் பார், அதற்கப்புறம் நேரம் இருந்தால் தியரி என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சொல்வது ஓபன், அடுத்து எண்ணிக் கட்டுவது, அதன் பிறகு பார். காரணம் எளிது. ஈ ஷேப் பாரில் நடுவிரலை எடுத்தால் மேஜர் ஏன் மைனர் ஆகிறது என்று தெரிந்தவருக்குப் பார் என்பது இரண்டே ஷேப்தான். தெரியாதவருக்கு அதுவும் இன்னொரு சார்ட். எஃப் பிடிக்க முடியாத மாதங்களில் கிட்டாரைக் கீழே வைக்காமல் × × 3 2 1 × பிடித்துக்கொண்டு சபையில் வாசிக்கவும் முடிகிறது. சின்னக் கை உள்ள பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். எட்டு வயதுப் பிள்ளையைப் பார் பிடிக்கச் சொல்லி அழவைப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

குழுவில் கீபோர்ட்காரரோடு பேசும்போது சி, ஜி என்று சொல்வதை விட்டுவிட்டு ச, ம, ப என்று பேசப் பழகுங்கள். "இங்க ம, அடுத்த வரியில ப, கடைசியில ச." சங்கராபரண (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) வழியில் போகும் பாட்டென்றால் ச, ம, ப மேஜர்; ரி, க, த மைனர்; நி டிமினிஷ்ட். அவர் டிரான்ஸ்போஸ் எதில் வைத்திருந்தாலும், நீங்கள் கேப்போ எங்கே போட்டிருந்தாலும் இது மாறாது.

தொடங்க நினைப்பவர்கள் புதிதாக எதையும் தேட வேண்டாம். தினமும் வாசிக்கிற மூன்று கார்ட் பாட்டு ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு பிடியிலும் எந்த விரல் ச, எது க, எது ப என்று சொல்லிக்கொண்டே கம்பி கம்பியாகத் தட்டுங்கள். அது நின்ற பிறகு அதே பாட்டை இரண்டு, மூன்று, நான்காம் கம்பிகளில் மட்டும் வாசியுங்கள். பிறகு அரைக் கட்டை இறக்கி ஒரு தடவை.